சமத்துவ நாளும் சிலைக்கு ஏறும் ஏணியும்

ஐயா,

அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-ஐ, 2022 முதல் தமிழக அரசு சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அன்று விடுமுறை. அதனால் பல கல்லூரிகள் முந்தைய வேலை நாளிலேயே உறுதிமொழியை ஒப்புக்கு முடித்துவிடுகின்றன. வாழ்த்துரைகளைக் குறைத்து, 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையை ஆளுக்கொரு பத்தியாக மாணவர்களையே வாசிக்க வைக்கலாம். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டை அவர் சுட்டும் இடத்தில் நிறுத்தி விவாதிக்கலாம். நகலை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். மேடையில் நீட்டினால் தடுமாறுவார்கள்.

ஊரில் உள்ள அம்பேத்கர் சிலைகளுக்கு மாலை போடும்போது கவனிக்க வேண்டியது வேறு. நீட்டிய வலது கைதான் பலவீனமான இடம். சிமென்ட் சிலையில் அந்தக் கையில் ஏணியைச் சாய்த்தாலோ, ஆளுயர மாலைகளை அடுக்கினாலோ மணிக்கட்டில் விரிசல் விடும். தானே நிற்கும் இரட்டை ஏணி வேண்டும். ஒருவர் ஏற, இருவர் பிடிக்க. மாலை கழுத்தோடு நிற்கட்டும். இரவுக்குள் கழற்றிவிடுங்கள்: ஈரப்பூ அழுகினால் பெயின்ட் உப்பி உரியும். கூண்டு இருந்தால் (அவருக்குக் கூண்டு போட்டிருப்பதே வெட்கக்கேடு) சாவி யாரிடம் என்று முன்னதாகவே விசாரித்து வையுங்கள். காலை 7 மணிக்குக் கூட்டம் கூடிய பிறகு சாவி தேடுவதில்தான் பாதித் தகராறு தொடங்குகிறது. ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

– வாசகர், விழுப்புரம்