செயலாளர் ஆண்டறிக்கை 2024–25
(நீலகிரி மாவட்டம் கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிகளுக்காக உழைக்கும் நம் சங்கத்தின் 2025 ஜூலை மாதப் பொதுக்குழுவில் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுருக்கமாக முடிக்கப் பார்க்கிறேன். போன வருடமும் இதையேதான் சொன்னேன், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

முதலில் பள்ளி மேலாண்மைக் குழு. 2024 ஆகஸ்டில் மாநிலம் முழுக்கக் குழுக்களை மாற்றி அமைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த முறை முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்ததால் நம் சங்கத்தார் இருவர் உள்ளே போயிருக்கிறார்கள். முன்பெல்லாம் கையெழுத்துப் போடும்போது மட்டும் கூப்பிடுவார்கள். இப்போது கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு அம்மா கூட்டத்தில் எழுந்து சொன்னார், அடுத்த வாரம் பைப் மாற்றினார்கள். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த அம்மா இப்போது எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார்.

அப்புறம் கரடி. அக்டோபரில் ஒரு ராத்திரி தொடக்கப் பள்ளிச் சமையல் கூடத்தின் மரக்கதவைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டது. அரிசி மூட்டையைத் தொடவே இல்லை. எண்ணெய் பாக்கெட்டுகளைக் கடித்து, தரையில் வழிந்ததை நக்கி, பருப்பு டப்பாவைத் தேயிலைச் செடி வரை உருட்டிக்கொண்டு போயிருந்தது. அன்றைக்குப் புதன்கிழமை, பிள்ளைகளுக்குக் காலை உணவு பொங்கல். சமைக்கும் மகளிர் குழு அக்காமார்கள் வீட்டுக்கு வீடு போய் எண்ணெயும் பருப்பும் வாங்கி வந்து, கொஞ்சம் தாமதமாக என்றாலும் போட்டுவிட்டார்கள். இரும்புக் கதவு கேட்டு எழுதினோம். பதில் வருவதற்குள் கரடி இரண்டாம் முறை வந்துபோனது. கடைசியில் நம் உறுப்பினர்கள் காசு போட்டுத்தான் கதவு வைத்தோம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 1956இல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எட்டு மணிக்குள் கொழுந்து பறிக்கக் கிளம்பும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திட்டம் நல்ல திட்டம். ஆனால் கீழ்நாட்டுக் கதவைப் போட்டுவிட்டு மலையில் நடத்தச் சொல்கிறார்கள்.

சைக்கிள் கதையும் அதேதான். பதினொன்றாம் வகுப்பில் இலவச சைக்கிள் தருகிறார்கள். மேட்டில் அதை நாம் தள்ள வேண்டும், பள்ளத்தில் அது நம்மைத் தள்ளிவிடும். அதைவிட மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குத் தரும் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் எல்லாம் நம் ஊரைத் தெரிந்தவர் யாரோ யோசித்தது. மழைக்கோட்டு மழைக்கு முன்னால் வந்தால் இன்னும் நன்றாக இருக்கும். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அக்டோபருக்குள் கையில் கிடைத்தால் போதும்.

சரி, இந்த வருடம் நாம் அதிகம் அலைந்தது பக்கத்து ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், தொடக்கப் பள்ளிக்காக. பிள்ளைகள் குறைவு. மேலே ஒரு பள்ளி இருக்கிறதே, அதோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. எழுத்தில் எதுவும் வரவில்லை, பேச்சுதான். ஆனால் 2019இல் மாணவர் ஒருவர்கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்கும் அறிவிப்பு வந்ததே, அது நமக்கு மறக்கவில்லை. பேச்சு வரும்போதே போய் நிற்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மேப்பில் பார்த்தால் மேல் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்தான் வருகிறது. நானும் துணைத்தலைவரும் ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தையையும் அதன் பாட்டியையும் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தோம். ஓடையில் இறங்கி, சோலையோரமாக ஏறி, காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் அது நகரும்வரை நின்று, போய்ச் சேர நாற்பது நிமிடம். பாட்டி நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார். குழந்தை, "இங்க தினமும் வரணுமா?" என்று கேட்டது. இதை நேரத்தோடு எழுதி மனுவாகக் கொடுத்தோம். இன்றைய தேதிக்குப் பள்ளி அதே இடத்தில் நடக்கிறது.

நடக்கிறது என்றால் எப்படி? அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் ஒரே ஆள். நான் போன அன்று ஒன்றாம் வகுப்புக்கு சிலேட்டில் எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டே, மூன்றாம் வகுப்பில் ஒருவனுக்கு மூக்கு துடைத்துவிட்டார் அந்த டீச்சர். நடுவில் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு போட வேண்டும். பள்ளியில் சிக்னல் கிடையாது, தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். அந்த ஐந்து நிமிடம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் டீச்சர். தலையை மட்டும் எண்ணி ஆசிரியரைக் கொடுத்தால் மலையில் எந்தப் பள்ளிக்கும் மூன்றாவது ஆசிரியர் வரவே மாட்டார். பிள்ளை குறைவு என்று ஆசிரியரைக் குறைப்பார்கள், ஆசிரியர் குறைவு என்று பெற்றோர் வேன் அனுப்பும் தனியார் பள்ளிக்குப் போவார்கள், பிள்ளை இன்னும் குறையும். தூரத்தையும் சேர்த்து எண்ணுங்கள் என்பதுதான் நம் ஒரே கோரிக்கை.

மேல்நிலைப் பள்ளியில் ஜூன் மாதமே இயற்பியலுக்கு ஆள் இல்லை. மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக முதுகலை ஆசிரியர் போடலாம், தொகுப்பூதியம் 18,000 ரூபாய். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார், குஞ்சப்பனை வழியாகத் தினமும் பஸ். பிரமாதமாக நடத்தினார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நவம்பர் மழையில் ரோட்டில் மரம் விழுந்து மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். கோத்தகிரியில் அறை பார்த்துக் கொடுத்தோம். சுற்றுலாக்காரர்கள் தரும் வாடகையை நம்மிடமும் கேட்கிறார்கள், சம்பளத்தில் பாதி போய்விடும். டிசம்பரில் கும்பிட்டு விடைபெற்றார். அவர்மேல் துளியும் வருத்தமில்லை. பிறகு நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் சனிக்கிழமைகளில் பைசா வாங்காமல் நடத்தினார். யாரும் தோற்கவில்லை, ஆனால் மதிப்பெண் ஏறவில்லை.

அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இடம் கிடைத்தால் கட்டணம் அரசு பொறுப்பு. ஊட்டியிலேயே 150 இடங்களோடு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இருக்கிறது. அதற்குப் போட்டி போட, வருடம் முழுக்க ஒரு இயற்பியல் ஆசிரியர் இருக்க வேண்டாமா?

கல்லூரிச் செய்தி நல்ல செய்தி. ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் நம் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன். மகளிர் இலவசப் பேருந்து 2021இல் கீழே வந்தாலும் 2024 பிப்ரவரியில்தான் மலைக்கு ஏறியது. குன்னூருக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரி என்று 2025 மாநில நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். கீழ்கோத்தகிரிப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஒன்று கூடுதலாக விட்டால் இது முழுமையாகும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024–25க்கு மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி வரவில்லை என்று மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. தேசியக் கல்விக் கொள்கையோடு வரும் மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ மாதிரிப் பள்ளி ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாதது காரணம். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடங்களுக்கு 2025–26 சேர்க்கை 2025 ஜூலையில் இதை எழுதும்வரை தொடங்கவில்லை. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு, கொள்கைச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் வருடம் போய்விட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது திரும்ப வராது. மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கேட்டது 1966இல். நம் தலைவர் அப்போது மூன்றாம் வகுப்பு.

செய்யாதவை: நூலக அலமாரி, மூன்றாவது கூட்டம். இரண்டும் என் தவறு.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வெல்டிங் கூலி பாக்கி இருக்கிறது, கையிருப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மூன்றாவது ஆசிரியருக்காகவும் விடியற்காலை பஸ்ஸுக்காகவும் ஆகஸ்டு முதல் திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். முதல் பஸ்ஸுக்கே கிளம்ப வேண்டும், வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். அந்தப் பாட்டி வருவதாகச் சொல்லிவிட்டார்.

இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்