கொடியை இழுக்காதீர்கள், வெட்டுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் முப்பது வருடம் மேசன் வேலை செய்து ஓய்ந்தவன் நான். பனி கரைந்து வளவு துப்புரவாக்கும் நேரத்தில் நம்மவர்கள் செய்கிற ஒரு பிழையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வீடு வாங்குகிறோம். சுவரில் வேர்ஜீனியா கிறீப்பர் படர்ந்திருக்கிறது. ஐந்து விரல் விரித்தது போல இலை. ஒக்டோபரில் இரத்தச் சிவப்பாக நிற்குமே, அந்தக் கொடி. "இது சுவரைத் தின்றுவிடும்" என்று யாரோ சொல்ல, அன்றைக்கே இரண்டு பேர் பிடித்து இழுக்கிறார்கள். போன வருடம் என் மருமகனும் அப்படித்தான் இழுத்தார். கொடி வந்தது. கூடவே செங்கல் இடுக்குச் சாந்தும் கட்டிகட்டியாக வந்தது. திரும்பச் சாந்து வைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இது சுவருக்குள் வேர் விடுகிற கொடி அல்ல. வேர் விட்டு வெடிப்புக்குள் போவது ஐவி என்ற வேறு கொடி. இது முந்திரிகை, அதாவது திராட்சைக் குடும்பம். கொடி பற்றிப் பிடிக்க விடும் சுருள் நூல் போன்ற பற்றுக்கம்பி சுவரைத் தொட்டதும் நுனி வீங்கிச் சின்னத் தட்டாகி, பசை விட்டு ஒட்டிக்கொள்ளும். பிடி கிடைக்காத கம்பி வாடி விழும். பிடித்ததோ சுருண்டு, தடித்து, மரமாகிவிடும். சார்ல்ஸ் டார்வின் பாரம் கட்டியே பார்த்திருக்கிறார்: பத்து வயதான கம்பியின் ஒரேயொரு கிளை 2 இறாத்தலைத் தாங்கியது. சுவர் முழுக்க அப்படி எத்தனை கிளை! நொய்ந்த சாந்து எப்படி நிற்கும்?

அடித்தண்டை நிலத்தோடு வெட்டுங்கள். கொடி நன்றாகக் காயும்வரை விடுங்கள். அப்புறம் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். கையுறை போடுங்கள், சாறு பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். சுவரில் மிஞ்சும் கறுப்புப் புள்ளிகளை நனைத்து நைலோன் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கம்பி பிரஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், செங்கல்லின் முகம் போய்விடும்.

கருநீலப் பழத்தைப் பிள்ளைகள் முந்திரிகை என்று வாயில் வைத்துவிடுவார்கள், அது நஞ்சு. குருவிகளுக்கு மட்டும் தீனி.

உண்மையில் சுவர் உறுதியாக இருந்தால் கொடியை எடுக்கவே தேவையில்லை. ஜன்னலுக்கும் கூரைத் தண்ணீர்ப் பீலிக்கும் ஏறாமல் வருடா வருடம் நறுக்கினால் போதும். கோடையில் வெயில் சுவரில் நேரே படாது, உள்ளே வெக்கை குறையும். வீட்டுத் திறப்பால் (சாவியால்) செங்கல் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். மணலாக உதிர்ந்தால் சாந்து எப்போதோ போய்விட்டது. கொடியில் கை வைக்க முன் ஒரு மேசனைக் கூப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற மேசன் ஒருவர்,
ஸ்காபரோ