அறுபத்திரண்டு அடிக் கிணறு

பள்ளிகொண்டா,
சித்திரை

அன்புள்ள குமரா,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போச்சு. அம்மா நலம், முட்டிவலிதான் விடவில்லை. சம்பத் அப்படியேதான் இருக்கிறான், உனக்குத் தெரியாததா!

உன் தொழில் சம்பந்தமாகவே ஒரு பஞ்சாயத்து. எங்கள் பக்கத்துப் பாலாற்றங்கரைக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே நிற்கிறது என்று அளந்தோம். முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவதுதான். கல் தண்ணீரைத் தொட்டதும் கயிறு கையில் லேசாகும். வந்த எண்கள் இவை: 18, 21, 22, 24, 25, 27, 28, 30, 31, 33, 62.

நடுவில் நிற்பது 27, அதுதான் இடைநிலை. அதற்கு முன்னே உள்ள ஐந்தின் நடு 22, பின்னே உள்ள ஐந்தின் நடு 31. முதல் கால்மானமும் மூன்றாம் கால்மானமும் ஆச்சு, அதாவது எண்களில் கால் பங்கு கீழேயும் கால் பங்கு மேலேயும் பிரியும் இடங்கள். இடைவெளி 9, அதை ஒன்றரையால் பெருக்கினால் 13.5. அதை 31-உடன் கூட்டி மேலே 44.5, 22-இலிருந்து கழித்துக் கீழே 8.5 என்று வேலி போட்டால் 62 வெளியே நிற்கிறது. செல்வியின் மகன் எக்செல்லில் போட்டான், அவனுக்குக் கால்மானங்கள் 23, 30.5 என்று வந்தன. யார் சரி என்று வீட்டில் ஒரே சண்டை! இடைநிலையை இரு பாதியிலும் சேர்ப்பதா விடுவதா என்பதில் வழக்கங்கள் பல, இரண்டுமே செல்லும் என்று சொல்லி அடக்கினேன். எப்படிப் போட்டாலும் 62 வெளியேதான்.

வினை அங்கேதான் ஆரம்பம். வேலிக்கு வெளியே விழுந்த எண்ணுக்கு அவுட்லையர் என்று பெயர். "அவுட்லையர், தூக்கிடுங்க" என்கிறார்கள் அறிக்கை தயாரிப்பவர்கள். தூக்கினால் சராசரி 29.2 அடியிலிருந்து 25.9 ஆகிவிடும், அறிக்கை பார்க்க அழகாக இருக்கும். இடைநிலை 27-லிருந்து 26 ஆகும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிணறு யாருடையது தெரியுமா? கண்ணம்மா பாட்டியுடையது. பக்கத்து நிலத்தில் ஆழ்துளை போட்டு இரவெல்லாம் டேங்கர் லாரிக்கு இறைக்கிறார்கள். மறுபடியும் கயிறு இறக்கிப் பார்த்துவிட்டேன், அளவில் பிழை இல்லை. பாட்டியின் கத்தரிச் செடிகள் கருகி நிற்கின்றன.

ஒன்றரை மடங்கு வேலியைச் சொன்ன புள்ளியியலாளர் ஜான் டூக்கி, வெளியே விழுந்ததை அழிக்கச் சொல்லவில்லையடா, உற்றுப் பார்க்கத்தான் சொன்னார். மணி வடிவத்தில் ஒழுங்காகப் பரவிய தரவிலும் ஆயிரத்துக்கு ஏழு வெளியே விழும். எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம், கயிறு சிக்கியிருந்தால் மறுபடி அளக்கலாம். உண்மையான அளவை எப்படி எடுப்பது? இவர்கள் கையில் பாலாற்று வெள்ளக் கணக்கைக் கொடுத்தால் பெருவெள்ளம் வந்த 1903 நவம்பரையும் 2021 நவம்பரையும் அடித்துவிட்டு, ஆறு எப்போதும் மணல்தான் என்று எழுதிவிடுவார்கள். 1903 வெள்ளத்தில் அடிபட்ட ஊரான வாணியம்பாடிக்காரர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டம். பெங்களூரில் தினமும் இதே வேலை பார்க்கிறாய், நான் சொன்னால் "வாத்தியார் பேச்சு" என்பார்கள், நீ சொன்னால் கேட்பார்கள். முடிந்தால் நேரில் வா, முடியாவிட்டால் ஒரு பக்கம் எழுதி அனுப்பு: 62 அறிக்கையில் இருக்க வேண்டும், காரணமும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று.

வந்தால் வழியில் ஆம்பூரில் இறங்கிப் பிரியாணி என்று உட்கார்ந்துவிடாதே. கூட்டம் காலை பத்து மணிக்கு.

உன்,
முருகு