தண்ணீர் இறங்கும் நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய சிப்பிப் படம் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு படம், கூட ஒரு வார்த்தை கிடையாது. சரி, வேலை இருக்கும். அம்மாதான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே எல்லாரும் சௌக்கியம்.

அந்தச் சிப்பியில் ஒரு ஓட்டை இருக்கிறதே, கவனித்தாயா? கல்லில் அடிபட்டதில்லை. வட்டமாக, விளிம்பு உள்பக்கம் சரிந்திருக்கிறது பார். கடல் நத்தையில் ஒரு வகை, நாக்கில் இருக்கிற பல்லால் சுரண்டி, ஓடு இளகும்படி ஒரு நீரையும் சுரந்து, மெல்ல மெல்லத் துளைபோடும். அப்புறம் உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டுப் போய்விடும். மேலுக்குப் பார்த்தால் சிப்பி முழுசாகத்தான் தெரியும்.

தினமும் காலை ஐந்தரைக்குக் கடற்கரைக்குப் போவதாகச் சொன்னாய். கடலுக்கு முதுகைக் காட்டிக் குனியாதே. தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்துப் போனால்தான் சிப்பி கிடைக்கும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இன்னும் உள்வாங்கும். பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் நல்ல சங்காக ஒதுங்கும். இதெல்லாம் உனக்கு எட்டு வயதிலேயே அத்துப்படி. பிறகு ஏன் தினமும் அதே ஐந்தரை? தூக்கம் வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

சங்கை எடுத்தால் திருப்பிப் பார். வாயில் மூடி இருந்தாலோ நண்டுக்கால் தெரிந்தாலோ அங்கேயே வைத்துவிடு. கூம்பு மாதிரி இருப்பதைத் தொடவே தொடாதே. அதில் சில வகை கொட்டினால் ஆளே போய்விடும், மாற்று மருந்தும் கிடையாது. கடலுக்கு முதுகைக் காட்டாதே.

அந்தப் பச்சை டப்பா. சோழி, சங்கு, சிப்பி என்று பிரித்து, பஞ்சு வைத்து, எந்தக் கிழமை எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதியிருந்தாய். ஆபீஸில் நான் ஃபைல்கூட அப்படி அடுக்கியதில்லை. ஒரு சங்குக்குள் உயிர் இருந்து, செத்து, வீடே நாறிப்போனது. அதை மட்டும் எடுத்துப் போட்டிருக்கலாம். நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது டப்பாவோடு குப்பையில் கொட்டியவன் நான்தான். தம்பி இல்லை. நீ அவனை அடித்தாய், அவன் "நான் எடுக்கலக்கா" என்று அழுதான். நான் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. 24 வருஷமாயிற்று. அவனிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமையாவது போன் செய். படத்தில் மணலில் ஒரே ஆள் காலடிதான் இருந்தது. மாப்பிள்ளை இந்தப் பக்கம் நின்று படம் எடுத்திருப்பார் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா