மேட்டுக் கொல்லைக்கு வண்டி எடுக்கும் முன் எச்பி-யோடு எண்ணெயையும் கேளுங்கள்

நம்ம பட்டறைக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடிப் பட்டம் நெருங்கினால் போதும், போனில் ஒரே கேள்விதான். "மலைப்பக்கம் நாலு ஏக்கர் கொல்லை இருக்கு, எத்தனை எச்பி வண்டி எடுக்கலாம்?" அஞ்செட்டியிலிருந்து கேட்கிறார்கள், தளியிலிருந்து கேட்கிறார்கள், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கமிருந்தும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி சொல்லி பாதி விட்டுப்போவதால், மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் வண்டி விற்பதில்லை; ஹைட்ராலிக் வேலையும், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கருவியை இயக்கும் அமைப்பும், கருவி பொருத்துவதும்தான் நம்ம தொழில். அதனால் எந்தக் கம்பெனி வண்டி என்று இதில் வராது.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அஞ்செட்டிப் பக்கம் ஒருவர் 27 எச்பி மினி டிராக்டர் எடுத்து, எரு ஏற்ற டிப்பர் டிரெய்லரும் செய்துகொண்டார். சமதரையில் நன்றாகத் தூக்கியது. சரிவில் நிறுத்தித் தூக்கினால் தொட்டி பாதியில் நின்றது, பம்பு ஊளையிட்டது. பம்பு போய்விட்டது என்று சொல்லி வேறொரு இடத்தில் பம்பையும் மாற்றிவிட்டார்கள், அப்புறமும் அதே கதை. நம்மிடம் வந்தபோது பம்பில் ஒரு குறையும் இல்லை. சின்ன வண்டிகளில் பெரும்பாலும் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். டிரெய்லர் சிலிண்டர் நீளும்போது பல லிட்டர் எண்ணெய் வண்டியை விட்டு வெளியே போய்விடுகிறது, மிச்சம் இருப்பதும் சரிவில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறது, பம்பு உறிஞ்சும் வாயில் காற்று ஏறுகிறது. ஊளைச் சத்தம் அந்தக் காற்றினால்தான். அளவுகோலில் கீழ்க்கோட்டில் இருந்த எண்ணெயைக் கையேடு அனுமதிக்கும் மேல் அளவு வரை ஏற்றி, சிலிண்டரையும் சிறியதாக மாற்றிக் கொடுத்தோம். இப்போது ஓடுகிறது, ஆனால் தேவையில்லாமல் ஒரு பம்பு காசு போனது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது எச்பி-யோடு மூன்று எண்களையும் சேர்த்துக் கேளுங்கள்: பம்பு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும், எத்தனை பார் அழுத்தம், வெளிக் கருவிக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வரை எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 20 லிட்டர், 150 பார் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோவாட், அதாவது ஏழு எச்பி-க்கும் கொஞ்சம் குறைவு. இன்ஜின் 27 எச்பி ஆனாலும் ஹோஸ் வழியாக வெளியே வருவது அவ்வளவுதான். அதுவும் இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது. ஐடிலில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும்.

இந்தக் கணக்கு எங்கே உதவும் என்றால், சிலிண்டர் வேலையா மோட்டார் வேலையா என்று பிரித்துப் பார்க்கும்போது. டிப்பர், லோடர், திருப்பிப் போடும் கலப்பை எல்லாம் சிலிண்டர் வேலை. எண்ணெய் குறைவாக வந்தால் மெதுவாக நகரும், அவ்வளவுதான். 12 லிட்டர் பிடிக்கும் சிலிண்டரை 20 லிட்டர் பம்பு 36 நொடியில் நீட்டிவிடும், பொறுத்துக்கொள்ளலாம். ஹைட்ராலிக் மோட்டாரில் சுற்றும் ஆகர் (குழி தோண்டும் திருகு), புதர்வெட்டி போன்றவை அப்படியில்லை. அவற்றுக்கு எண்ணெய் நிற்காமல் பாயவேண்டும், சின்ன பம்பில் அவை திணறும், எண்ணெயும் கொதிக்கும். குழி போட ஆகர் வேண்டுமென்றால் பி.டி.ஓ-வில் (வண்டியின் பின்னால் இன்ஜின் சுற்றும் தண்டு) ஓடுவதை வாங்குங்கள் என்றுதான் சொல்லுவேன், இன்ஜின் சக்தி நேராகப் போகும், விலையும் குறைவு. வேலிக்கல் நடுவதற்கு அது அருமையான கருவி. மாங்கன்றுக்கு ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் என்று குழி எடுப்பவர்களுக்கு எந்த ஆகரும் பத்தாது. ஒரு நாள் ஜேசிபி வாடகைக்குப் பேசுவதே லாபம். வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கருவிகள் தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

வால்வையும் பார்த்துவிடுங்கள். டிப்பருக்கு எண்ணெயை ஒரு பக்கம் மட்டும் தள்ளும் ஒருவழி வால்வு போதும், ஒரு ஹோஸ்தான். திருப்பிப் போடும் கலப்பைக்கும் லோடருக்கும் இரண்டு பக்கமும் தள்ளும் இருவழி வால்வு வேண்டும். பின்னால் ஹோஸ் மாட்டும் கப்ளர் இருக்கிறதே என்று நம்பி வாங்கிவிட்டு, அது ஒருவழி என்று தெரிந்து நம்மிடம் வந்து வால்வு போட்டவர்கள் நிறைய.

சரி, சரிவுக்கு வருவோம். ஒவ்வொருவரும் "ரொம்ப மேடு" என்கிறார்கள், எனக்கு அது எண்ணாக வேண்டும். ஒரு மீட்டர் நேர்க்குச்சி எடுத்து, ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மேலே ரசமட்டம் வைத்து குச்சியைச் சமமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பாருங்கள். 18 வந்தால் 10 டிகிரி, 27 வந்தால் 15, 36 வந்தால் 20. கொல்லையில் மிகச் சரிவான நாலைந்து இடத்தில் இதைச் செய்யுங்கள். 27-க்கு மேல் வரும் இடத்தில் வண்டியைக் குறுக்கே ஓட்டும் வேலைக்கு நாங்கள் கருவி பொருத்திக் கொடுப்பதில்லை. நாங்கள் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட வரம்பு இது. உங்கள் வண்டிக் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே கணக்கு.

மல்பெரி வரிசைக்குள் நுழைய வேண்டும் என்று மிகக் குறுகலான வண்டி கேட்கிறார்கள். நியாயம்தான், ஆனால் அகலம் குறையக் குறைய பக்கவாட்டில் கவிழ்வது சுலபமாகிவிடும். சமமான மல்பெரித் தோட்டமும் சரிவான கேழ்வரகுக் கொல்லையும் இருப்பவர்கள், ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டிக்குறைக்க வழியுள்ள வண்டியாகப் பாருங்கள். மாந்தோப்புக்குள் போக வேண்டுமானால், கவிழும்போது காக்கும் கம்பிச் சட்டம் மடக்கும் வகையாக இருக்கட்டும். கிளை இடிக்கிறது என்று அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தோப்பைத் தாண்டியதும் நிமிர்த்தி, பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலு சக்கர இழுவை இந்த நிலத்துக்குத் தேவைதான், காசு கூடினாலும். ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும், இன்ஜின் பிடிப்பு முன்சக்கரத்துக்கும் போகிறது அல்லவா. இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது, இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்கவேண்டும், அதற்குத்தான் முன்னால் எடைக்கட்டி. கருவியைத் தூக்கும் பின்பக்க லிப்ட் 750 கிலோ தூக்கும் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இணைப்புக் கம்பி முனையில் வரும் கணக்கு, கருவியின் பாரம் அதற்கும் இரண்டடி பின்னால் இருக்கும், அங்கே அவ்வளவு தூக்காது.

தளி, ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இருப்பது கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும், அதை மனதில் வைத்து கொஞ்சம் கூடுதலாகவே எடுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் கையையே எடுக்கவேண்டிய நிலை வரலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரி, எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லவேண்டும்.

கப்ளரில் செம்மண் தூசி ஒட்டாமல் துணியால் துடைத்து மூடி போடுங்கள். கழற்றும் முன் இன்ஜினை அணைத்து லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வெயிலில் கிடந்த கருவியின் கப்ளர் மறுநாள் மாட்டவே மாட்டாது.

வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை பட்டறைக்கு வந்து போங்கள். குச்சியில் அளந்த எண்கள், கொல்லைக்குப் போகும் வழியில் மிகக் குறுகலான இடத்தின் அகலம், என்னென்ன கருவி மாட்டப்போகிறீர்கள் என்ற பட்டியல், இவை கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடலாம். அதற்குக் காசு வாங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் காலையில் கூட்டமாக இருக்கும், மதியத்துக்கு மேல் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ராயக்கோட்டை ஹைட்ராலிக் பட்டறையிலிருந்து