ஃபார்மட் செய்வதற்கு முன் தேதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது. போர்டு போய்விட்ட கணினியிலிருந்து லினக்ஸ் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினேன், திரை வருகிறது, கோப்புகள் திறக்கின்றன, ஆனால் புதிதாக எந்த மென்பொருளும் ஏறவில்லை, அப்டேட் கொடுத்தால் வரிசையாக எர்ரர் கொட்டுகிறது, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். வன்பொருள் மாறினால் இப்படித்தான், ஃபார்மட் செய்து மறுபடி நிறுவிக்கொள்ளவும் என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பதிலைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். விண்டோஸுக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில் அது. டிஸ்க் நன்றாக இருக்கும்போது லினக்ஸுக்கு அது பெரும்பாலும் வேண்டாத வேலை.

நான் கும்பகோணம் பக்கத்தில் ஜெராக்ஸும் டிடிபியும் பார்க்கிற ஆள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, நவம்பர் வந்தால் சம்பா பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா அடங்கலோடு நிற்கிற கூட்டம், எல்லாம் ஒரே டிஸ்கை நம்பித்தான் ஓடுகிறது. எங்கள் பக்கம் கணினி செத்துப்போனது என்றால் பெரும்பாலும் செத்தது மதர்போர்டு, இல்லாவிட்டால் பவர் சப்ளை. லோ வோல்டேஜ் ஒரு பக்கம், இடி மின்னல் ஒரு பக்கம், வேதாரண்யம், கோடியக்கரை என்று போனால் உப்புக்காற்று. 2018 நவம்பரில் கஜா அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்து, திரும்ப வந்தபோது உயிர் வராத கணினிகளை நானே பார்த்திருக்கிறேன். டிஸ்க் மட்டும் பல சமயம் தப்பித்துவிடும். அப்படித் தப்பித்ததைக் கொண்டுபோய் நம் கையாலேயே அழிக்கச் சொன்னால் என்ன நியாயம்? ஃபார்மட்டில் போவது கோப்புகள் மட்டும் இல்லை. அவற்றை யாரும் காப்பி எடுத்துவிடுவார்கள். தேடிச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை அமைப்பு, பிரிண்டரில் தாள் அளவுக்குச் செய்த சின்னச் சின்னத் திருத்தங்கள், பிரவுசரில் இருந்த கடவுச்சொற்கள், இவற்றை யார் காப்பி எடுக்கிறார்கள்?

இது என் ஒருவனின் பிரச்சினையும் இல்லை. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் உபுண்டு, மின்ட் மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸ் வகையைப் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி உங்களுக்கு இன்னும் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) கெர்னல் என்கிற அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வருகின்றன, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எதிரே என்ன வன்பொருள் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஏற்றிக்கொள்ளும். அதனால் இன்டெல் கணினியில் இருந்த டிஸ்கை ஏஎம்டி கணினியில் மாட்டினாலும் பொதுவாகக் கிளம்பிவிடும். கிளம்பவே இல்லை என்றால் பயாஸில் (கணினியைப் போட்டதும் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) கிளம்பும் முறை லெகசியா, யூஇஎஃப்ஐயா என்ற இடத்தைப் பாருங்கள், பழைய கணினியில் எந்த முறையோ அதே முறை இங்கேயும் வேண்டும். கிளம்புகிறது ஆனால் ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறது, அப்புறம் எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது என்றால், பழைய கணினியில் இருந்த இரண்டாவது டிஸ்கை எஃப்எஸ்டேப் கோப்பு (/etc/fstab, கிளம்பும்போது எந்தெந்த டிஸ்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, அந்த வரியை எடுத்துவிட்டால் போதும்.

இனி அப்டேட். பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் நிரல்) கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் குற்றம் முக்கால்வாசி அதன் மேல் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது தேதி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய போர்டில் சிஆர் 2032 என்கிற பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், கணினி ஏதோ பழைய தேதியைக் காட்டும், திரையில் பெரும்பாலும் வருடம் தெரியாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆப்ட் (உபுண்டு, டெபியன் வகைகளின் பேக்கேஜ் மேனேஜர்) என்ன செய்கிறது என்றால், சர்வரிலிருந்து வரும் மென்பொருள் பட்டியலில் அது எந்தத் தேதியில் கையொப்பமானது என்று பார்க்கிறது. கணினியின் கணக்கில் அந்தத் தேதி இன்னும் வரவில்லை. பின்தேதி போட்ட செக்கை வங்கி திருப்புகிற மாதிரி 'நாட் வேலிட் யெட்' என்று சொல்லித் திருப்பிவிடும். பிரவுசரில் பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ் சரியில்லை என்று மறுப்பதும் இதே காரணத்தால்தான், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இன்டர்நெட் ஒழுங்காக இருந்தால் கணினி தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் நெட்டும் சேர்ந்து கோளாறாக இருக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பயாஸில் தேதியைச் சரியாக வையுங்கள், பேட்டரியை மாற்றுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்தது நெட். புது போர்டில் நெட்வொர்க் கார்டுக்கு வேறு பெயர் விழும். பழையதில் ஈஎன்பி3எஸ்0 என்று இருந்தது இதில் ஈஎன்பி2எஸ்0 ஆகியிருக்கலாம். கடைகளில் பிரிண்டருக்காக நிலையான ஐபி எண் கொடுத்து வைத்திருப்போம் இல்லையா, அந்த அமைப்பு பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும், டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) 'ஐபி லிங்க்' (ip link) என்று தட்டினால் புதுப் பெயர் தெரியும். வைஃபை சிப் புதிதாக இருந்து பழைய கெர்னலுக்கு அதைத் தெரியாவிட்டால் பதற வேண்டாம், செல்போனை யூஎஸ்பியில் சொருகி டெதரிங் போடுங்கள், அனேகமாக உடனே நெட் வந்துவிடும், அப்டேட்டை அதிலேயே முடித்துக்கொண்டால் புதுக் கெர்னலோடு வைஃபையும் வர வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தும் மென்பொருள் ஏறவில்லை என்றால் பழைய கணினி சாகும்போது அப்டேட் பாதியில் நின்றிருக்கும். இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு (ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஆங்கிலத்தைத் தட்டுங்கள்): முதலில் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' (sudo dpkg --configure -a), அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்' (sudo apt --fix-broken install). முதலாவது பாதியில் நின்றவற்றை முடித்துவைக்கும், இரண்டாவது விட்டுப்போன துணைப் பேக்கேஜ்களைக் கொண்டுவந்து சேர்க்கும். முதல் கட்டளையே ஸ்டேட்டஸ் கோப்பை (நிறுவியிருக்கும் மென்பொருட்களின் பதிவேடு) படிக்க முடியவில்லை என்று சொன்னால், கரண்ட் போன நேரத்தில் அது சிதைந்திருக்கும். அதன் பழைய நகல்களை டெபியன், உபுண்டு இரண்டுமே வார் அடைவுக்குள் பேக்கப்ஸ் என்ற இடத்தில் (/var/backups) தானே எடுத்து வைக்கின்றன, அதிலிருந்து மீட்கலாம்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்த கணினியிலிருந்து வந்த டிஸ்க் என்றால் தனிக் கவனம் வேண்டும். அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவர் கெர்னலோடு வருவது இல்லை, பெரும்பாலும் கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கென மறுபடி உருவாக்கப்பட (கம்பைல்) வேண்டும். அது தோற்றால் புதுக் கெர்னலே அரைகுறையாக நின்றுவிடும், அதற்கப்புறம் நீங்கள் கால்குலேட்டர் நிறுவினாலும் அதே எர்ரர்தான் வரும். புது கணினியில் என்விடியா கார்டே இல்லை என்றால் அந்தப் பேக்கேஜ்களை நீக்கிவிடலாம், ஆனால் நீக்கப்போகும் பட்டியலைத் திரையில் காட்டும்போது நிதானமாகப் படித்துவிட்டு ஒய் தட்டுங்கள், டெஸ்க்டாப்பையே சேர்த்து நீக்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு.

இணையத்தில் ஒரு யோசனை சுற்றுகிறது, 'லாக்' (வேறொரு நிறுவல் நடக்கிறது என்பதற்கான பூட்டு) என்று எர்ரர் வந்தால் அந்த லாக் கோப்பை அழித்துவிடு என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். பல நாள் அணைந்து கிடந்த உபுண்டு கிளம்பினதும் பின்னணியில் தானே பாதுகாப்பு அப்டேட்களை எடுக்கத் தொடங்கிவிடும், லாக் போட்டிருப்பது அதுதான். அது பாட்டுக்கு ஓடட்டும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்டேட் கொடுக்கும்போதே 404 (கோப்பு அங்கே இல்லை) என்று வந்தால் பெரும்பாலும் பதிப்பு காலாவதி. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) அல்லாத பதிப்புகளுக்கு ஆதரவு ஒன்பது மாதம்தான், பிறகு அவற்றை 'ஓல்ட்-ரிலீசஸ்' என்ற வேறு சர்வருக்கு நகர்த்திவிடுவார்கள். டெபியனுக்கும் அதேபோல 'ஆர்க்கைவ்' உண்டு. சோர்சஸ் லிஸ்டில் (எந்த சர்வரிலிருந்து எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) முகவரியை அதற்கு மாற்றி அப்டேட்டை முடித்துக்கொண்டு, பிறகு படிப்படியாக ஆதரவுள்ள பதிப்புக்கு வர வேண்டும். குரோம் மாதிரி வெளி நிறுவனங்களின் வரிகள் அந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் அவற்றை நிறுத்தி வையுங்கள், பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வரும்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'சூடோ டிமெசேஜ்' (sudo dmesg) என்று தட்டினால் ஐ/ஓ எர்ரர் (படிப்பதிலும் எழுதுவதிலும் பிழை) வரிவரியாகக் கொட்டுகிற டிஸ்கில் எந்தக் கட்டளையும் ஓட்டாதீர்கள், அது சாகப்போகிற டிஸ்க், முதல் வேலை ஹோம் அடைவை வேறொன்றுக்கு நகலெடுப்பது, பெயர் புள்ளியில் தொடங்குகிற மறைந்த கோப்புகளோடு சேர்த்து. பழைய டிஸ்கில் இருப்பது 32-பிட் லினக்ஸ் (பழைய வகைப் புராசஸர்களுக்கானது) என்றாலும் புதிதாக நிறுவுவதுதான் நல்லது. அது புது கணினியில் ஓடலாம், ஆனால் 32-பிட் லினக்ஸுக்குக் குரோம் வருவது 2016-இலேயே நின்றது, 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32-பிட்டுக்கு நிறுவியே கிடையாது. அப்படி நிறுவுவதற்கு முன் பழையதில் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' (apt-mark showmanual) கொடுத்து வருகிற பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுவிய மென்பொருள் எல்லாம் அதில் இருக்கும். பதிப்பு மாறியிருந்தால் சில பெயர்கள் மட்டும் கிடைக்காமல் போகலாம், அவற்றைக் கையால் தேடிப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரர்,
கும்பகோணம் வட்டம்