கந்தல் இலையை எண்ணாதே

பொள்ளாச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தேங்காய் விலையை மட்டும் கேட்காதே. பொங்கலுக்கப்புறம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, கணக்கு நேர்.

அத்தாணிப் பக்கம் அடித்த காத்தில் உன்ற நேந்திரன் வாழை சாய்ந்துபோச்சு, மருமவன் டிரோனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான் என்று சென்னிமலையான் போன் பண்ணினான். "முக்காவாசி போச்சு, படத்துலயே தெரியுது" என்றானாம் மருமவன். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பேச்சுதான், காத்தல்ல.

மேலேயிருந்து பார்த்தால் இலைதான் தெரியும், தண்டு தெரியாது. காத்தில் நார்நாராகக் கிழிந்த இலை படத்தில் பேரழிவு மாதிரி இருக்கும்; மரம் நின்றுகொண்டிருக்கும், தார் கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே சூறாவளி ஓய்ந்ததும் நோவா என்கிற அரசு வானிலை, கடல் ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் விமானத்தில் கேமராவை நேர்கீழாகப் பொருத்திப் பறக்கிறார்கள். 2005 கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஆர்லியன்ஸில் கூரை முழுசாகத் தெரிந்த வீடுகளுக்குள் வெள்ளம் நின்றது. கூரையை மட்டும் பார்த்தவன் "சேதமில்லை" என்று எழுதியிருப்பான். உன்ற மருமவன் இலையைப் பார்த்து "சேதம்" என்று எழுதப்போகிறான்.

இது விளையாட்டில்லை மாப்ள. அரசு நிவாரணத்துக்கு 33 சதவீதம் சேதம் இருக்க வேண்டும். 2015க்கு முன்னால் 50. முப்பதா முப்பத்தஞ்சா என்பதில்தான் பணமே இருக்கிறது. விஏஓவும் தோட்டக்கலைக்காரரும் வரப்பில் நின்று எண்ணும்போது உன்ற படம் பொய்த்தால், பக்கத்துத் தோட்டக்காரன் உண்மையைச் சொன்னாலும் ஏறாது.

ஆகையால் அவனை இப்படிச் செய்யச் சொல். வெட்டி ஒதுக்குவதற்கு முன்னால் பறக்க வேண்டும். விழுந்த மரம் வாடிச் சருகானாலும் படம் குழம்பும். பத்து மணிக்கு மேல், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஏறுவதற்குள். லேசாக மேகம் மூடியிருந்தால் இன்னும் நல்லது, நிழல் விழாது. அவன் வைத்திருப்பது ஓரங்குல சென்சார் கேமரா என்றால் 60 மீட்டர் உயரத்தில் படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 1.6 செ.மீ., ஒரு முழுப்படம் தரையில் 90க்கு 60 மீட்டர். ஒரு படத்தின்மேல் அடுத்த படம் முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் மேல்படிய வேண்டும். அதாவது 12 மீட்டருக்கு ஒரு படம், வரிசைக்கு வரிசை 27 மீட்டர். நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓட்டாமல், ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைத்தால் படம் இழுபடாது. உயர் மின்கோபுரம் அந்தப் பக்கம் போகிறதா என்று முதலில் பார்க்கச் சொல். அறுபது மீட்டர் அதற்குப் போதாமல் போகலாம். டிரோன் எங்கே பறக்கக்கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பார்க்கட்டும். நம்ம பக்கம் கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இருப்பதை மறக்கவேண்டாம்.

எடுத்த படங்களை மென்பொருளில் ஒரே படமாகத் தைக்கும்போதுதான் பெரிய ஏமாற்று. இலை அசைந்துகொண்டே இருப்பதால் மென்பொருளுக்குப் புள்ளிகள் பொருந்தாது. ஒரே இலை இரண்டாகும், சில இடம் மெழுகிவிட்ட மாதிரி ஆகும். தைத்த படத்தில் எண்ணாதே, அசல் படத்தில் எண்ணு. தைத்ததிலிருந்து எது எவ்வளவு உயரம் என்று காட்டும் உயர வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொள். கந்தலான வாழை இன்னும் ஆள் உயரத்துக்கு மேலேதான் நிற்கும், விழுந்தது தரையோடு கிடக்கும். நிறத்தை நம்புவதைவிட இந்தப் பள்ளத்தை நம்பலாம். வரப்பும் வாய்க்காலும் வெறுந்தரை, அதை அளவுகோலாக வைத்துக்கொள். முட்டுக் கொடுத்த வரிசையில் சாய்ந்தும் விழாமலும் இருப்பவைதான் தொல்லை. அவற்றுக்குக் கேமராவை 45 டிகிரி சாய்த்து இரண்டு பக்கமிருந்தும் ஒரு சுற்று எடுக்க வேண்டும்.

அப்புறம் நடக்க வேண்டும். வேறு வழியில்லை. தோட்டத்தில் அங்கங்கே பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டு, ஆறடி இடைவெளி என்றால் கட்டத்துக்குச் சுமார் 30 மரம், தண்டு முறிந்தது, வேரோடு சாய்ந்தது, சாய்ந்து நிற்பது, இலை மட்டும் கிழிந்தது என்று தனித்தனியாக எண்ணுங்கள். அதே கட்டத்தைப் படத்திலும் எண்ணுங்கள். இரண்டும் எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்த பிறகே மொத்தத் தோட்டத்துக்குச் சதவீதம். முற்றிய தாரோடு சாய்ந்ததை வெட்டி விற்கலாம், எண்ணும் தாளில் அது வேறு பத்தியில். சாட்டிலைட் படம் இலவசமாகக் கிடைக்கிறது என்று வாத்தியார் மகன் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடு. அந்த இலவசப் படம் தரும் சென்டினல்-2 சாட்டிலைட்டில் ஒரு புள்ளியே பத்துக்குப் பத்து மீட்டர், அந்த முப்பது மரமும் ஒரே புள்ளிக்குள்.

படங்களை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பவேண்டாம். அது படத்தைச் சுருக்கி, எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்பையும் அழித்துவிடும். பென் டிரைவில் போட்டு, எண்ணிய தாளோடு சேர்த்து, சென்னிமலையானிடம் கொடுத்தனுப்பு. அவன் வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறான்.

அன்புடன்,
உன்ற பழைய கூட்டாளி